பதினான்காம் எண் மாமியார்

போன மாதம் எங்கள் பழைய டிராயிங் செக்‌ஷனிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக ஒரு கருவியை யோசித்து, கம்ப்யூட்டரில் வரைந்தும் முடித்துவிட்டாளாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிச் செய்தோம் என்று எழுதித் தர முடியுமா என்றாள். உறுப்புகளுக்குப் பெயர் வைத்துவிட்டாயா என்று கேட்டேன்.

"பார்ட் ஒண்ணு, பார்ட் ரெண்டுன்னு இருக்குது மேடம். பேரை அப்புறம் வெச்சிக்கலாம்."

அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்களும் ஒரு பெயரைத் தள்ளிப்போட்டோம். அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி, தேவையான அளவு: டிப்ளமா படித்தேன். ஓராண்டு சூளைப் பக்கம் வெந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் மையத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எதையும் பட்டியல் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் அதைக் கேலி செய்வார்கள். "இவ கல்யாணத்துல மாப்பிள்ளைக்கும் ஒரு வரிசை எண் போட்டுடுவா" என்பார் என் சித்தப்பா. உண்மையில் போட்டேன். அது வேறு கதை.

சொந்தமாகச் சூளை வைத்துக்கொள்ள முடியாத சின்னச் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு உதவுவதுதான் மையத்தின் வேலை. அவர்கள் பொதுச் சூளையில் சுட்டுக்கொள்வார்கள், எங்களிடம் வரைபடம் போட்டுக்கொள்வார்கள். எட்டு ஷெட்டுகள் இருந்தன. பொம்மை, ஜாடி, பியூஸ் கட்டை, கம்பி கட்டும் பீங்கான் என்று ஆளுக்கொன்று செய்தார்கள். ஆறாம் ஷெட் கலியபெருமாள் அண்ணனுடையது. நல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இறைக்கும் எஞ்சினைப் பிரித்து மாட்டியே தொழில் கற்றவர்.

மையத்தின் சூப்பரிண்டெண்ட் தேவசகாயம் சார். அவர் எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படிப்பார். மேலிருந்து படித்தால் அர்த்தம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், வார்த்தை கண்ணில் படாது என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு வார்த்தையாக விரலை நகர்த்தி, ஓர் இடத்தில் நிறுத்தி, தலையைத் தூக்காமல் கேட்பார்: "இந்த வார்த்தை எதற்கு?" பதில் சொல்ல முடிந்தால் வார்த்தை தங்கும். இல்லையென்றால் போகும். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "இருக்கட்டும்" என்று சொன்னால் முடியாது என்று பொருள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி மெஷின். மின்கம்பி கட்டும் சின்னப் பீங்கான் ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு துளை, துளைக்குள் ஆணி திருகி ஏற மரை. ஈரக் களிமண்ணை இரும்பு அச்சில் வைத்து, மரை வெட்டிய ஒரு முளையைக் கைப்பிடியால் அழுத்தி இறக்குவார்கள். பிறகு முளையைத் திருகித் திருகி வெளியே எடுக்க வேண்டும். முழுதாக ஐந்து சுற்று. மத்தியானத்துக்கு மேல் கை சலித்தவர்கள் நாலரை சுற்றிலேயே கைப்பிடியைத் தூக்கிவிடுவார்கள். உள்ளே மரை கிழியும். சுடாத பச்சையில் தெரியாது. சூளையிலிருந்து வந்த பிறகு ஆணியைத் திருகிப் பார்த்தால்தான் தெரியும். அப்போது அது கல். கூடை கூடையாக ஷெட்டுக்குப் பின்னால் கொட்டுவார்கள்.

கலியபெருமாள் அண்ணன் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றவர், ஒரு கொக்கி செய்தார். உள்ளங்கை அளவு இரும்பு. முளை இறங்கியதும் அது கைப்பிடியின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து சுற்று முடியும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் நழுவித் தானே விடும். அதற்கு முன் யார் இழுத்தாலும் விடாது. அவ்வளவுதான். அதைப் பார்த்த எல்லோரும் "அட, இதுதானா" என்றார்கள். நல்ல கண்டுபிடிப்பு எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று தேவசகாயம் சார் சொன்னார்.

வரைபடம் போட அண்ணன் என்னிடம் வந்தார். உறுப்புகளின் பெயரைக் கேட்டுக்கொண்டே எண் போட்டேன். அடிப்பலகை, தூண், முளை, கைப்பிடி என்று பதின்மூன்று வரை சரியாகப் போனது.

"பதினாலு?"

"அது மாமியாருங்க."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"நெசமாத்தான் டிராயிங் அம்மா. எம் மாமியாரு வேப்பூர்ல ரோட்டு மேல டிபன் கடை வெச்சிருக்குது. போய் ஒக்காந்தா அஞ்சாவது தோசை முடியாம எழுந்திரிக்க வுடாது. இதுவும் அப்படித்தான். அஞ்சு சுத்து முடியணும்."

பட்டறையில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். "மாமியாருக்கு எண்ணெய் போட்டியா?", "மாமியாரு இன்னைக்கு முறுக்கிக்கினு நிக்குது" என்று கேட்டுப் பழகிப்போனது. நானும் மை கொண்டு வரைந்த டிரேசிங் துணியில் பதினான்கு என்று போட்டு, பட்டியலில் 'மாமியார்' என்று எழுதினேன்.

காப்புரிமை வாங்க வேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்பு அவர் அச்சுகளை இறுக்க ஒரு கவ்வி செய்திருந்தார். வேறு ஊரில் பெரிய ஆலை வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்து, காபி குடித்து, பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடம் அதே கவ்வி அந்த ஆலையின் பெயர்த்தகட்டோடு எங்கள் மூன்றாம் ஷெட்டுக்கே விலைக்கு வந்தது. "இந்தத் தடவை எம் பேரு எழுதுன காயிதம் ஒண்ணு வேணும் சார்" என்றார் அண்ணன். கொக்கியும் போனால் பெரிய ஆலையோடு போட்டி போட அவரிடம் வேறொன்றும் இல்லை. ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடி இறைக்கும் எஞ்சினுக்குத்தான் போக வேண்டும்.

விண்ணப்பத்தோடு கொடுக்கும் விவரக்குறிப்பை நான் எழுத, தேவசகாயம் சார் பின்னாலிருந்து படித்தார். உரிமைக் கோரிக்கையில் நான் 'ஐந்து சுற்றுகள் முடியும்வரை' என்று எழுதியிருந்தேன். விரல் நின்றது.

"ஐந்து எதற்கு?"

"மரை அஞ்சு சுத்து சார்."

"நாளைக்கு ஒருவன் ஆறு சுற்று மரை போட்டுவிட்டு, இது வேறு என்பான். 'குறித்த எண்ணிக்கையிலான சுற்றுகள்' என்று எழுது. எத்தனை என்று நாம் சொல்லக் கூடாது."

அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சை ஏன் எடுத்தார்கள் என்று வெளியே வந்ததும் வருத்தப்பட்டார். விளக்கியபோது புரிந்துகொண்டார்.

பிறகு விரல் பதினான்காம் எண்ணுக்கு வந்தது. சார் இந்த முறை தலையைத் தூக்கினார். மாமியார் என்று அரசாங்கத்துக்கு எழுத முடியாது என்றார். ஆங்கிலத்தில் என்ன பெயர் வைப்பது? நான் ஒரு பட்டியல் போட்டேன். கொக்கி என்றால் மாட்டித் தொங்கவிடுவது. தடை என்றால் விடவே விடாதது. தாழ்ப்பாள் என்றால் கையால் திறப்பது. பூனைநாக்கு என்று ஒருவர் சொன்னார். அதற்கு அர்த்தம் அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் சார் "இருக்கட்டும்" என்றார். இப்படியே மூன்று வாரம் போனது. மற்ற எல்லாம் தயாராக இருந்தன. பெயர் மட்டும் இல்லை. கடைசியில் நான்கு ஆங்கிலச் சொற்களில் ஒரு பெயர் கிடைத்தது. தமிழில் சொன்னால், 'மீள்சுற்றைக் கட்டுப்படுத்தும் பிடி'. நான் பிளேடை எடுத்து டிரேசிங் துணியிலிருந்து 'மாமியார்' என்பதை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுப் பெயரை எழுதினேன். பிறகு அண்ணனின் கையெழுத்தை வாங்கி, மெட்ராஸுக்குப் போய் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டு வந்தோம்.

அந்த மூன்று வாரத்துக்கு நடுவில் ஆயுத பூஜை வந்துபோயிருந்தது. அதை அப்போது யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து எதிர்ப்பு மனு வந்தது. போட்டது அதே பெரிய ஆலை. அவர்கள் சொன்னது இதுதான்: விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்த மெஷின் ஊரே பார்க்கும்படி வைக்கப்பட்டது, ஊர் பார்த்த பொருள் புதியதல்ல, ஆகவே காப்புரிமை கிடையாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் காட்டியது காட்டியதுதான்.

ஆதாரமாக ஒரு போட்டோ இணைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வருடாவருடம் எடுப்பது. வாழைக்கன்று கட்டிய ஆறாம் ஷெட், மாலை போட்ட பிரஸ், முன்னால் நாங்கள் எல்லோரும் வரிசையாக. ஓரத்தில் கரும்பலகை. அதில் குண்டு குண்டாக, தெளிவாக, 'அனைவரும் வருக! இயந்திரங்களைக் கண்டு மகிழ்க!'

அது என் கையெழுத்து.

பூஜை அன்று ஷெட்டுக் கதவுகளை விரியத் திறந்து வைப்பது ஊர் வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரயில்வே காலனிக்காரர்கள், சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்து பொரி வாங்கிக்கொண்டு போவார்கள். ரகசியம் காக்க வேண்டியவை என்று பதினேழு வரி எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தவள் நான். அதில் இந்த ஒரு நாள் இல்லை. சாமி கும்பிடுவதைச் சட்டத்தோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டோவோடு ஒரு பிரமாணப் பத்திரமும் இருந்தது. கொடுத்தவன் தனவேல். முன்பு ஆறாம் ஷெட்டில் பிரஸ் ஓட்டிய பையன், இப்போது பெரிய ஆலையில் இருந்தான். பூஜை அன்று மெஷினை எல்லா உறுப்புகளோடும் பொதுமக்கள் பார்த்தார்கள் என்று அதில் இருந்தது.

கலியபெருமாள் அண்ணன் சார் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போர்டை யார் எழுதினார்கள் என்று தெரியாது எனச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். நானே எழுதினேன் என்று, பதிலுக்கு நான் கொடுக்கவிருந்த பிரமாணப் பத்திரத்தில் முதல் வரியாகப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். தேவசகாயம் சார் அதை வாங்கிக் கீழிருந்து படித்தார். என் முதல் வரிக்குக் கடைசியாக வந்தார். விரல் அங்கே நின்றது. ஆனால் எதற்கு என்று கேட்கவில்லை.

"அன்றைக்கு என்னென்ன எங்கே இருந்தது என்று எங்காவது எழுதியிருக்கிறதா?" என்றார்.

இருந்தது. முந்திய வருடம் பூஜையில் வைத்த ஒரு வெர்னியர் அளவி காணாமல் போய்ப் பெரிய சண்டையாகியிருந்தது. அதிலிருந்து படையலில் வைக்கும் கருவிகளுக்கு நான் ஒரு நோட்டு போட்டேன். யாருடையது, என்ன பொருள், மறுநாள் திரும்ப வாங்கியதற்குக் கையெழுத்து. நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினேன். மைக்ரோமீட்டர், இரண்டு அரம், சுத்தியல், கிளேஸ் தூரிகை... பதினோராவது வரி: 'மாமியார் – கலியபெருமாள்.' எதிரே விஜயதசமி தேதியிட்டு அவருடைய கையெழுத்து.

"ஆமாங்க," என்றார் அண்ணன் மெதுவாக. "அவங்கவங்க ஒசத்தியா நெனைக்கிறதை வெச்சாங்க. நான் இதைக் கழட்டி வெச்சேன்."

ஆக, போட்டோவில் மாலையோடு நின்ற பிரஸ்ஸில் கண்டுபிடிப்பு இல்லை. மாலை மறைத்ததால் அது இல்லாததும் படத்தில் தெரியவில்லை. போதாததற்கு அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. எவரும் மெஷினைத் தொடவில்லை.

மெட்ராஸில் விசாரணை. பெரும்பாலும் எழுத்திலேயே முடிகிற விஷயம்தான். எதிர்த்தரப்பு வக்கீல் வைத்திருந்தது. எங்களுக்கு சார்தான். தனவேலையும் அழைத்து வந்து பின் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசாரித்த அதிகாரி தணிந்த குரலில் பேசுபவர், நன்றாகத் தமிழ் தெரிந்தவர்.

நான் நோட்டைக் கொடுத்தேன். அதிகாரி பதினோராம் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

வக்கீல் எழுந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. விவரக்குறிப்பில் மாமியார் என்ற பெயரில் எந்த உறுப்பும் இல்லை. படத்திலும் இல்லை. பூஜையில் ஏதோ ஒரு இரும்புத் துண்டை வைத்ததாக நாங்கள் சொல்கிறோம். அதுதான் இந்தப் பிடி என்பதற்கு என்ன சான்று?

என் விரல் நுனியில் அந்தப் பிளேடு நினைவுக்கு வந்தது. சான்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி எடுத்தவள் நான்தான். நான் இப்போது என்ன சொன்னாலும் அது எங்கள் தரப்புப் பேச்சு. சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள் அண்ணன் என்னைப் பார்த்தார்.

அதிகாரி அந்தப் பையனையே கேட்கிறேன் என்றார். வக்கீல் மறுக்கவில்லை. அவருடைய சாட்சிதானே.

"தம்பி, கலியபெருமாள் பட்டறையில மாமியார்னா என்ன?"

தனவேல் எழுந்து நின்றான். "ரெண்டு இருக்குதுங்க. எதைக் கேக்கறீங்க?"

"இரும்புல இருக்கறதை."

"அது பிரஸ்ஸுல கைப்பிடியைப் புடிச்சிக்கிற கொக்கிங்க. அஞ்சு சுத்து முடியாம வுடாது. அண்ணன் வெச்ச பேரு."

"பூஜை அன்னிக்கு அது எங்க இருந்தது?"

"சாமி படத்துக்கு முன்னால பலகை மேலங்க. நான்தான் சந்தனம் பூசி மஞ்சத்துணி சுத்துனேன்."

"வந்தவங்க யாராவது இது என்னன்னு கேட்டாங்களா?"

தனவேல் யோசித்தான். பொய் சொல்லக் கூடாது என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. "ஒருத்தரும் கேக்கலீங்க. கொழக்கட்டைன்னு நெனச்சிருப்பாங்க."

எல்லா உறுப்புகளும் மெஷினில் இருந்தன என்றல்லவா பத்திரத்தில் இருக்கிறது என்றார் அதிகாரி. அது இங்கிலீஷில் இருந்தது, பூஜைக்குப் போனாயா என்று கேட்டார்கள், போனேன் என்று கையெழுத்துப் போட்டேன் என்றான் அவன். வக்கீல் தம் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

வெளியே தாழ்வாரத்தில் தனவேல் எங்களைத் தவிர்க்கப் பார்த்துத் தூண் பக்கம் ஒதுங்கினான். கலியபெருமாள் அண்ணன் நேராக அவனிடம் போனார். என்ன திட்டப் போகிறாரோ என்று நான் பயந்தேன்.

"சாப்டியாடா?"

"இல்லண்ணே."

"அங்க பிரஸ்ஸு எப்படி? மரை கிழியுதா?"

"உங்களுது மாதிரியே கொக்கி போட்டிருக்காங்கண்ணே. ஆனா பள்ளத்தைத் தப்பா வெட்டிட்டாங்க. நாலரைலயே வுட்டுடுது."

அண்ணனுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

உத்தரவு தபாலில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அண்ணன் தினம் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, தபால்காரர் போன பிறகுதான் ஷெட்டைத் திறப்பார். வந்த அன்று நான் படித்துக் காட்டினேன். எதிர்ப்பு தள்ளுபடி. காப்புரிமை பிறகு முத்திரையோடு வந்தது. அதில் அவருடைய பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, சார் செய்வதைப் போலவே, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு நகர்த்திப் பார்த்தார். பிறகு மடிக்காமல் கொண்டுபோக அட்டை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களை வேப்பூருக்கு அழைத்துப் போனார். அசல் மாமியாரை அன்றுதான் பார்த்தேன். சின்ன உருவம், பெரிய தோசைக்கல். லாரிக்காரர்கள் கூட அவர் சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். காப்புரிமைப் பத்திரத்தைக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இதுல எம் பேரு எங்க இருக்குது?"

நான் படத்தைக் காட்டி, பதினான்காம் எண்ணைத் தொட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இம்மாம் சின்னதாவா இருக்கறேன்?"

"அதுதாங்க எல்லாத்தையும் புடிச்சிக்கினு நிக்குது" என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தோசை வரத் தொடங்கியது. தேவசகாயம் சார் இரவில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாதவர். மூன்றாவது தோசையில் "இருக்கட்டும்" என்றார். விருத்தாசலத்தில் எட்டு ஷெட்டையும் நிறுத்திவிடக்கூடிய அந்தச் சொல் வேப்பூரில் செல்லவில்லை. இருக்கட்டும் என்றால் இலையில் இருக்கட்டும் என்று பொருள் கொண்டு அந்த அம்மா நாலாவதைப் போட்டார். ஐந்தாவதும் முடிந்தது. சார் கணக்குத் தெரிந்தவராக நிம்மதியோடு இலையை மடிக்கக் கை வைத்தார். அதற்குள் ஆறாவது வந்து விழுந்தது.

"அஞ்சுதானே கணக்கு?" என்று கலியபெருமாள் அண்ணனைப் பார்த்தார்.

"அஞ்சுன்னு எழுதக் கூடாதுன்னு சொன்னது நீங்கதாங்க ஐயா."

சார் சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு தோசையைப் பிட்டார்.